மிஞ்சிய திருகாணி

கண்டி கராஜில் மெக்கானிக் என் காரில் கம்பியூட்டரைச் செருகி, "பிழையை அழிச்சாச்சு சேர்" என்றார்.

"எதைக் கழட்டினீங்க?"

"ஒண்ணும் கழட்டல."

அவர் நகத்தில்கூட அழுக்கில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பக்கத்தில் யாரோ பெற்றோல் துணியில் கை துடைத்தார். அந்த வாடை என்னைச் சிறுவயது அம்பிட்டிய வீட்டு முற்றத்துக்கு இழுத்தது.

அப்பா எங்கள் காரின் காபரேட்டரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்புவார். மாட்டி முடித்தால் எப்படியும் ஒரு திருகாணி மிஞ்சும்.

"இது எங்க இருந்துச்சு?" என்பார் அம்மா.

"அது தேவையில்லாதது" என்பார் அப்பா.

அம்மா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் புறப்படுவார். திரும்பும் வழியில், ஏற்றத்தில் கார் நின்றதும் எடுத்து நீட்டுவார். "இந்தாங்க, தேவையில்லாதது."

இப்போது என் கார் சத்தமே இல்லாமல் ஏற்றம் ஏறுகிறது. நின்றால் நீட்ட என்னிடம் ஒன்றுமில்லை.