மாமன் மடிக்குக் காத்திருந்த பந்தல்

ஊரே விருந்து சாப்பிடுகிற நாளில் டீயும் வடையுமாக அலைகிறவன்தான் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையில் நான் கடை வைத்துப் பதினெட்டு வருஷம். சுற்றுப்பட்டியில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. அதனால் போன வருஷம் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: ராணுவக் குடும்பங்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, தேதி மாறினாலும் அட்வான்ஸ் போகாது. தேதி மாற்றுகிறவர்களின் அட்வான்ஸை விழுங்கித்தான் நம்மில் பாதிப்பேர் பிழைக்கிறோம் என்பதால் என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

அட்டையில் இல்லாத அக்கா

பலகையைப் பார்த்து முதலில் வந்தவர் எம்.ரெட்டியபட்டி முத்துமாரி. மகளுக்குக் காதுகுத்து, ஆவணியில் தேதி. பட்டாளத்தில் இருப்பது வீட்டுக்காரரா என்றேன். இல்லை, தம்பி பாண்டி என்றார். நான் சட்டம் பேசினேன். மனைவி, பிள்ளை, தாய் தகப்பன் என்றால் கையில் பட்டாளத்துக் குடும்ப அட்டை இருக்கும், கட்டிக்கொடுத்த அக்காவை எதில் சேர்ப்பது என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. குழந்தைக்கு நடப்பது மூணு வயசு, மாசி வந்தால் நாலு பிறந்துவிடும், இரட்டைப்படை வயசில் காது குத்த மாட்டோம் என்று பொறுமையாக விளக்கினார். அதற்கப்புறம் சொன்னதைக் கேட்டுத்தான் தள்ளுபடி போட்டு ரசீது எழுதினேன்: "எனக்கு இருக்கிறது ஒரே தம்பிண்ணே. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். லீவு கிடைக்கலைன்னா அழப்போறது நாங்கதான, அப்ப நாங்க குடும்பமில்லையா?"

முடிச்சு

காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பந்தல் போட்டு முடித்தோம். சாயங்காலம் பாண்டியிடமிருந்து போன் வந்தது. லீவு ரத்து. ஒரு பொழுதுகூட நிற்காத பந்தலைப் பிரிப்பது என்ன வயிற்றெரிச்சல் என்று உங்களுக்குத் தெரியும். பலகை எழுதிய கையை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போய் நின்றேன்.

வந்திருந்த சொந்தக்காரர்கள், ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தனை உட்கார வைத்து வேலையை முடி என்று முத்துமாரியை நெருக்கினார்கள். அவர் அசையவில்லை. எங்கள் பந்தல்காரர் முனியாண்டி அவசரத்தில் அரிவாளை எடுத்துக் கயிற்றில் வைத்தார். முத்துமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனார். "கயித்தை அறுத்துராதீகண்ணே, முடிச்சை அவுத்தே எடுங்க. மறுபடியும் இதே வாசல்லதான கட்டப்போறீக."

மூணு மாமன் உள்ள வீடு

தை மாசம் பாண்டிக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. அதற்குள் இருந்தது ஒரே முகூர்த்தம். அந்த நாளில் என் கடைச் சாமான் மொத்தமும் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக இருந்தது. வேறு கடைகளிலும் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. இதை விட்டால் குழந்தைக்கு நாலு வயசு பிறந்துவிடும், அடுத்த வருஷம் பாண்டி எங்கே இருப்பானோ யாருக்குத் தெரியும்?

வேறு வழியில்லாமல் அந்தக் கல்யாணப் பெண்ணைப் பெற்றவரிடமே போய்த் தலையைச் சொறிந்தேன். தறி வைத்திருக்கிற மனுஷர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மனைவியிடம் தெலுங்கில் என்னவோ பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தமிழுக்கு வந்தார்: "சின்னப் பந்தலையும் ரெண்டு அண்டாவையும் அவுகளுக்குக் கொடுத்துருங்க. எம்மகளுக்கு மாமன் மூணு பேரும் உள்ளூர்லயே இருக்காக."

எந்த மாமா

சாமானை ரெட்டியபட்டி ஷேர் ஆட்டோக்காரர் வாடகை வாங்காமல் கொண்டுவந்து இறக்கினார். பாண்டியும் வந்து சேர்ந்தான். இனி என்ன குறை என்று நான் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். ஆனால் குழந்தை அவன் மடியில் உட்கார மாட்டேன் என்று வீறிட்டது. விவரம் தெரிந்ததிலிருந்து அவனைப் போனில் மட்டுமே பார்த்த பிள்ளை. மீசையோடு எதிரில் நிற்கிற ஆளை அதற்கு அடையாளம் தெரியவில்லை. தூக்கப் போன கையைப் பாண்டி மடக்கிக்கொண்டான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு அவனே பந்தல் துணிக்குப் பின்னால் போய் அக்காவின் போனுக்கு வீடியோ கால் போட்டான். குழந்தை சிரித்துப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. பேசிக்கொண்டே வந்து மணையில் உட்கார்ந்தான். போனிலிருந்து கண்ணை எடுக்காத பிள்ளையை மெல்லத் தூக்கி அவன் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை இறக்கினார். துடித்துப்போன குழந்தை, தன்னைக் கட்டிப்பிடித்திருந்த பாண்டியைப் பற்றிப் போனிலிருந்த பாண்டியிடமே புகார் சொன்னது: "மாமா, இவரு என்னைய விடமாட்டேங்கிறாரு. நீ சீக்கிரம் வா மாமா."

கரண்டி முதல் பந்தல் வரை வாடகைக்கு விடுகிற எனக்கு, மாமனையும் பட்டாளம் பத்து நாள் வாடகைக்குத்தான் கொடுக்கிறது என்பது அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது.