கைக்கு அடங்கின துவக்கு

ஸ்காபரோவில ஆட்டிறைச்சி வெட்டுறவை கனபேர் இருக்கினம். என்னைப்போல வெட்டுறவன் இல்லை. இதை நான் சொல்லேல்லை, மல்வேர்னில இருந்து பஸ் மாறி வாற சனம் சொல்லுறது. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவி, இறைச்சித் தொழிற்சாலைக் குளிரறைக்குள்ள நிண்டு விறைச்சு, இண்டைக்கு ரெண்டு கடை. ஒருத்தன்ர கையையும் பாத்து நிண்டதில்லை. இதை ஏன் முதலே சொல்லுறன் எண்டால், இப்பிடிப்பட்ட ஒருத்தனை அவன்ர சொந்தக் கடை நிலத்தில முகங்குப்புற விழுத்தினால் உள்ளுக்க என்ன எரியும் எண்டு உங்களுக்கு விளங்கவேணும்.

கனடாவில கைத்துவக்கு விக்கிறதை நிப்பாட்டினதுக்குக் கொஞ்சக் காலம் முந்தி நடந்த கதை இது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கடை பூட்டுற நேரம். நானும் என்ர மனுசியும் மட்டும்தான். மனுசி காசு மேசையில. மூண்டு பேர் வந்தாங்கள். முகத்தில கறுப்புத் துணி, கண் மட்டும் வெளியில. ஒருத்தன் கதவடியில நிண்டான். ஒருத்தன் சுத்தியலால கண்ணாடியை நொருக்கினான். மூண்டாவது ஆள் கட்டையன், மெல்லிய உடம்பு. அவன் நேர என்னட்ட வந்து கறுத்த பிஸ்ரல் ஒண்டை என்ர நெத்தியில வைச்சான். நான் கத்தியைக் கீழ போடேல்லை. அப்பதான் அவன் வாய் திறந்தான்.

“அங்கிள், மூவ் பண்ணாதேங்கோ. கத்தியைப் போட்டிட்டு நிலத்தில படுங்கோ.”

எங்கட தமிழ். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. அந்த மரியாதையைக் கேட்டு நான் திகைச்சு நிண்ட நேரத்தில சுத்தியல்காரன் என்ர தோளில போட்டான். காறையெலும்பு முறிஞ்சது. வாழ்நாள் முழுக்க எலும்பு முறிக்கிறவன் நான், அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். என்ர உடம்புக்குள்ள இருந்து அது கேட்டது அண்டைக்குத்தான்.

கீழ கிடந்த எனக்கு மனுசியின்ர சப்பாத்து மட்டும்தான் தெரியுது. கட்டையன் அவவிட்டச் சொல்லுறான்: “அன்ரி, கொடியைக் கழட்டித் தாங்கோ.”

வேற ஆக்களுக்கு அது வெறும் சங்கிலி. கொடி எண்டு சொல்ல, தாய் கழுத்தில தாலிக்கொடியைப் பாத்து வளந்த ஒருத்தனாலதான் ஏலும். கொளுக்கி இறுகிக் கிடந்தது, மனுசிக்குக் கழட்ட ஏலேல்லை. சுத்தியல்காரன் எட்டிப் பிடிச்சு இழுத்தான். கொடி லேசில அறாது. அவவைக் கழுத்தோட சேத்து மேசைக்கு மேலால இழுத்துக்கொண்டு வந்துதான் அறுந்தது. விளிம்பில வாய் அடிபட்டு முன்பல்லு ரெண்டும் போச்சு. கழுத்தைச் சுத்திக் கம்பியால அறுத்தமாதிரிக் காயம்.

பொலிஸ் வந்து கேட்டது, என்ன பாசை கதைச்சவங்கள் எண்டு.

“இங்கிலிஸ்,” எண்டன்.

ஸ்ரெச்சரில கிடந்த மனுசி, வாயைப் பொத்தின துணிக்கு மேலால என்னைப் பாத்தா. ஆசுப்பத்திரியால வீட்ட வந்த பிறகுதான் கேட்டா.

“ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“பொலிஸ் பிடிச்சால் உள்ளுக்க வைச்சுச் சாப்பாடு போடும், பேந்து விடும். உவன் எனக்கு வேணும்.”

“வேணுமெண்டு என்ன செய்யப்போறியள்?”

“சுடுவன்.”

“எதால? வாயாலயோ?”

ரெண்டு பல்லு இல்லாத வாயால கேட்டா. சொல்லுறதைச் செய்யிற ஆள் நான்.

துவக்கு லைசன்சுக்கு வகுப்புக்குப் போய் ரெஸ்ற் எழுதவேணும். அஞ்சாம் வகுப்புக்காரன் இங்கிலிஸில எழுதிப் பக்கத்தில இருந்த கொம்பியூட்டர் வேலைக்காரனைவிடக் கூடப் புள்ளி எடுத்தன். படிப்பிச்சவர் ஒண்டு சொல்லித் தந்தவர்: ஏன் துவக்கு எண்டு கேட்டால் என்னைக் காப்பாத்த எண்டு சொல்லக்கூடாது, குறி பாத்துச் சுடுற விளையாட்டுக்கு எண்டு சொல்லவேணும். விளையாட்டுக்கு எண்டு எழுதினன். பிறகு ஒரு அதிகாரி மனுசிக்குப் போன் எடுத்தான். உங்கட புருசனிட்டத் துவக்கு இருந்தால் உங்களுக்குப் பயமோ எண்டு கேட்டவன். நான் முன் கதிரையில இருக்கிறன். அவ என்னைப் பாத்துக்கொண்டே “பயமில்லை” எண்டா. போனை வைச்சிட்டுச் சொன்னா, “நானும் பொய் சொல்லிப்போட்டன். இனி ரெண்டு பேரும் ஒண்டுதான்.”

துவக்கு எனக்குப் புதிசில்லை. எங்கட சண்டைக்காலத்தில ஆமிக்காரன் முதுகில முட்டவைச்சு நடத்திக்கொண்டு போன ஆள் நான். ஆனால் துவக்குக்கு முன்னால நிண்டு பழக்கமே ஒழிய, பின்னால நிண்டதில்லை. அறுபது வயது தாண்டித்தான் பின்பக்கம் வந்தன்.

நான் சேந்த சுடுற கிளப் நகரத்துக்கு வெளியில, ஜன்னல் இல்லாத ஒரு நீளக் கட்டடம். அங்க புதுசா வாற ஆக்களுக்குப் பழக்கினவ ஒரு கயானாக்காரி. ரெக்ஸ்டேலில இருந்து வாறவ, என்ர வயதுதான் இருக்கும். முகம் எங்கட சனம்மாதிரி. அதை நம்பி நான் தமிழில கதைக்க, ஒரு சொல்லும் தெரியாமல் சிரிச்சா. அவ இங்கிலிஸில சொன்னதை என்ர தமிழில சொல்லுறன்.

மேசையில கிளப்புத் துவக்குகளைப் பரப்பி வைச்சு, எது பிடிக்குது எண்டு கேட்டா. நான் யோசிக்கேல்லை. கறுத்தது, தடிச்ச பிடி, என்ர நெத்தியில வைச்சதைப் போலவே ஒண்டு கிடந்தது. அதைத்தான் எடுத்தன். எதைக் காட்டி என்னை விழுத்தினானோ அதாலதான் அவனை விழுத்தவேணும் எண்டு எனக்குள்ள ஒரு கணக்கு.

“உன்ர கைக்கு உது பெரிசு,” எண்டா.

“இது மாட்டுத்தொடை தூக்கிற கை.”

“தூக்கு ராசா. ஆனா விரல் விசைக்கு எட்டேல்லை, பார்.”

எட்டேல்லைத்தான். என்ர விரல் கட்டை, மூட்டெல்லாம் குளிரறை வேலையில வீங்கினது. மேல்பக்கத்து ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்தால்தான் குண்டு ஏறும். இழுத்தன், அசையேல்லை. முறிஞ்ச தோள் குத்துது. பக்கத்தில ஒரு மெல்லிய பெட்டை லேசா இழுத்து இழுத்துச் சுடுறாள். கயானாக்காரி சொன்னா, “இழுக்காத. நெஞ்சுக்குக் கிட்ட வைச்சு மேல்பக்கத்தை இறுக்கிப் பிடி. பிடியை முன்னுக்குத் தள்ளு.” தள்ளினன், வந்திட்டுது.

பிறகு சுட்டன். எலும்பு பிளக்கேக்க நான் பெரிய கத்தியை ரெண்டு கையாலயும் பிடிக்கிறது, இடக்கைப் பெருவிரல் வலக்கைக்குப் பின்னால குறுக்க கிடக்கும். அந்தப் பழக்கத்தில அப்பிடியே பிடிச்சிட்டன். வெடி வெடிச்சதும் ஸ்லைட் பின்னுக்குப் பாஞ்சு வந்து பெருவிரல் இடுக்கைக் கிழிச்சுக்கொண்டு போச்சு. ரத்தம் மேசையெல்லாம். அவ துணி சுத்திக்கொண்டே சொன்னா, “துவக்கு முன்னுக்கு நிக்கிறவனுக்கு. நீ உன்னைச் சுட்டுக்கொண்டு நிக்கிறாய்.”

அதுக்குப் பிறகும் அந்தக் கறுத்ததை விட எனக்கு மனமில்லை. காயம் ஆறினவுடன திருப்பிப் போய் அதையே எடுத்தன். ஒவ்வொரு வெடிக்கும் கண் தானாய் மூடுது, மணிக்கட்டு உளையுது, குண்டு எங்க போகுதெண்டு தெய்வத்துக்குத்தான் தெரியும். ரிவோல்வர் தந்து பாத்தா. அதின்ர விசை என்ர வீங்கின விரலுக்குப் பாரம். கடைசியா ஒரு இரும்புப் பிஸ்ரலைக் கையில வைச்சா. பிடி ஒடுக்கம், விரல் வடிவா எட்டுது. துவக்கு பாரம், குண்டு சின்னது. சுட்டால் கை அசையாது.

“இது சின்னப்பிள்ளையளின்ர,” எண்டன்.

“ஓம். சின்னப்பிள்ளையள் உன்னைவிட வடிவாச் சுடுதுகள்.”

அவவுக்குத் தெரியாத ஒண்டு எனக்குத் தெரியும். எனக்குப் பன்றி தாற பண்ணைக்காரன் இந்தச் சின்னக் குண்டாலதான் விழுத்துறவன். நெத்தியில இடம் பாத்து வைச்சால் முன்னங்காலை மடிச்சுக்கொண்டு அப்பிடியே கீழ போகும். அவனுக்கும் உது காணும் எண்டு நினைச்சன். அதே மாதிரி ஒண்டை வாங்கினன். வீட்டுக்குக் கீழ பேஸ்மன்ரில இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சன். மனுசி அந்தப் பக்கம் உடுப்புத் தோய்க்கவும் இறங்கிறேல்லை.

ஒவ்வொரு கிழமையும் போனன். கை பழகினாலும் குறி வரேல்லை. ஏனெண்டால் கடதாசியில இருந்த கறுப்பு வட்டத்துக்குள்ள நான் அவன்ர கண்ணை வைச்சுத்தான் சுடுறது. கண் தெரிஞ்சவுடன கை ஆடத் தொடங்கும். கயானாக்காரி பின்னால நிண்டு கனநேரம் பாத்தா.

“நீ யாரைச் சுடுறாய்?”

“கடதாசியை.”

“கடதாசியைப் பாத்து ஒருத்தரும் பல்லைக் கடிக்கிறேல்லை.” என்ர தோளைத் தட்டிச் சொன்னா, “வட்டத்தைப் பாக்காத. துவக்கின்ர முனையில இருக்கிற முன்குறியை மட்டும் பார். அது தெளிவாய் இருக்கவேணும். அங்கால இருக்கிறது மங்கட்டும்.”

சொன்னபடி பாத்தன். முன்குறி கத்திமுனை மாதிரித் தெளிஞ்சது. வட்டம் புகையாய்ப் போச்சு. கை நிண்டிட்டுது. அண்டையில இருந்து ஓட்டைக்கு மேல ஓட்டை. சின்னப்பெடியள் வந்து நிண்டு என்ர கடதாசியைப் போனில படம் எடுத்தவங்கள். பொய்யில்லை.

ஆனால் ஒண்டு நடந்தது. மங்க மங்க, அவன்ர கண்ணே எனக்கு மறந்துபோச்சு. பெரிய கண்ணோ, சின்னக் கண்ணோ, இமை எப்பிடி, ஒண்டும் வரேல்லை. சுடத் தெரிஞ்ச நேரத்தில சுடவேண்டிய ஆளைத் தொலைச்சுப்போட்டன். கோவம் மட்டும் அப்பிடியே கிடக்குது, ஆள் இல்லாமல். பிறகு கடைக்கு வாற எங்கட பெடியள் எல்லாரையும் பாக்கத் தொடங்கினன். கட்டையான பெடியனெண்டால் கத்தியும் கையுமாய்ப் பக்கத்தில போய்க் கதை குடுப்பன், குரல் கேக்க. இங்கிலிஸில பதில் சொன்னால் தமிழில திருப்பிக் கேப்பன். மனுசி மேசையில இருந்து பாத்துக்கொண்டே இருப்பா.

ஒரு சனிக்கிழமை காலமை, கடை நிறையச் சனம். நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து வைச்சுக் குனிஞ்சு கீழ்த்தட்டில மீன் பாக்கிறன். கையில கத்தி. பின்னால குரல் கேட்டது.

“அங்கிள், மூவ் பண்ணாதேங்கோ.”

எப்பிடித் திரும்பினன் எண்டு எனக்குத் தெரியாது. கழுத்துச் சட்டையைப் பிடிச்சுக் குளிர்ப்பெட்டிக் கதவோட அடிச்சன். கத்தியைத் தாடைக்குக் கீழ வைச்சன். தோலில கத்தி இறங்கினால் எனக்குக் கையில தெரியும். இறங்கினது. ரத்தம் கத்தியால வழிஞ்சு என்ர விரலுக்கு வந்தது. “கொடி எங்க? எங்கயடா கொடி?” எண்டு கேட்டுக்கொண்டே இன்னும் அமத்துறன். கத்திமுனை தெளிவாத் தெரியுது. அங்கால இருந்த முகம் எனக்குத் தெரியேல்லை.

மனுசி வந்து என்ர மணிக்கட்டைப் பிடிச்சா. சத்தம் போடேல்லை.

“விடுங்கோ. இந்தப் பிள்ளை உயரம்.”

அப்பதான் பாத்தன். என்னைவிட ஒரு தலை உயரம். கட்டையனில்லை. கண்ணாடி போட்ட பெடியன், தாய்க்கு இறைச்சி வாங்க வந்தவன். ஒரு கையை மேல தூக்கி வைச்சிருந்தான். மேல்தட்டில இருந்து என்ர தலைக்கு நேர சரிஞ்ச உறைஞ்ச மீன்பெட்டியை அந்தக் கையாலதான் தாங்கிக்கொண்டு நிண்டிருக்கிறான். கழுத்தில கத்தி வைச்ச பிறகும் பெட்டியை விடேல்லை. காற்சட்டை நனைஞ்சிருந்தது.

பின்னேரம் தாய் வந்தா. வரிசையில நிண்ட சனத்துக்கு முன்னால என்ர கன்னத்தில விட்டா ஒரு அறை. காதுக்குள்ள கனநேரம் இரைஞ்சது.

“பெட்டியைப் பிடிச்சதுக்கோ வெட்டினனீங்கள்?”

வாய் திறக்காமல் நான் நிண்டதை என்ர கடை ஆக்கள் அண்டைக்குத்தான் கண்டவை.

“பொலிசுக்குப் போகவேண்டாம் எண்டு அவன்தான் மறிச்சவன். அங்கிளுக்கு ஏதோ நடந்திருக்கு எண்டான். எனக்கு உங்களில இரக்கமில்லை. நாளைக்கு வேறொருத்தியின்ர பிள்ளை வரும். அதுக்கும் கத்தி வைப்பியள்.”

திங்கக்கிழமை நானும் மனுசியும் பொலிசுக்குப் போனம். எங்கட வழக்கைப் பாத்த அதிகாரிக்கு முன்னால இருந்து, அவங்களில ஒருத்தன் தமிழ் கதைச்சவன் எண்டு சொன்னன். கொடி எண்டால் என்ன எண்டு மனுசி விளங்கப்படுத்தினா. வேற ஏதும் சொல்ல இருக்கோ எண்டு அவர் அவவைக் கேட்டார்.

“அவனைப் பிடிச்சால் ஒண்டு கேளுங்கோ,” எண்டா. “அன்ரி எண்டு கூப்பிட்டவன். பேந்து என்னை இழுக்கேக்க ஏன் பாத்துக்கொண்டு நிண்டவன்?”

அதிகாரி அதை எழுதினார். பிறகு என்னட்ட, இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை எண்டார்.

“அவனை எனக்கெண்டு வைச்சிருந்தனான்.”

பேனையைக் கீழ வைச்சார். “உங்களிட்டத் துவக்கு இருக்கோ?”

“இருக்கு.” சனிக்கிழமை நடந்ததையும் சேத்துச் சொன்னன்.

அண்டைக்கே ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தவை. பேஸ்மன்ருக்குக் கூட்டிக்கொண்டு போய் நானே பூட்டைத் திறந்து குடுத்தன். ஒரு இளம் பொலிஸ்காரன் அதைக் கையில எடுத்துப் பாத்து நல்ல சாமான் எண்டான். நான் சுட்ட கடதாசி ஒண்டை எடுத்துக் காட்டினன். “எல்லாம் ஒரே ஓட்டை,” எண்டான். “வேற என்ன நினைச்சாய்?” எண்டன். மனுசி படியில நிண்டு, “காணும், வாங்கோ,” எண்டா. கத்தி வைச்சதுக்கு வழக்குப் போடாமல் விட்டது, முறைப்பாடு இல்லை எண்டு பொலிசுக்குச் சொன்ன அந்தத் தாயின்ர தயவு. லைசன்ஸ் போனது போனதுதான்.

கட்டையனை இன்னும் பிடிக்கேல்லை. மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ, அந்தக் குணம் என்னட்ட இல்லை. மனுசியின்ர கழுத்தில தழும்பைக் காணுற ஒவ்வொரு காலமையும் கை முறுக்கும். பிடிபட்டால் வழக்கு நடக்கேக்க கோட்டில முன்வரிசையில போய் இருந்து அவன்ர முகத்தை வடிவாப் பாப்பன். இனி வேறொரு பிள்ளையை அவனெண்டு நான் நினைக்கக்கூடாது. அதுக்குத்தான்.