கறுப்புக் கயிற்றில் கட்டிய டஸ்டர்

ஆனையூரில் போய் டிரைவர் காசிமாயன் என்று விசாரித்தால், "யாரு, டாக்டர் வீட்டுக் காருக்குள்ள செய்வினை வச்சாரே, அவரா?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களில் பள்ளிக்கூட வாத்தியார் உண்டு, வங்கியில் வேலை பார்ப்பவர் உண்டு. காசிமாயன் காருக்குள் வைத்தது ஒரு டஸ்டர். காரின் மேல் படியும் தூசியைத் துடைக்கிற டஸ்டர். அதைத் துவைத்து, எண்ணெய் ஏற்றி, ஊற வைத்திருந்தார். அந்தக் குற்றத்துக்குத்தான் அவரை ஒரு தெருவே கூடி விசாரித்தது.

உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவர். கிணறு வற்றியபோது லாரியில் கிளீனராக ஏறினார். ஓட்டக் கற்றுக்கொண்டு, வட இந்தியா வரைக்கும் போய்வந்து, முதுகுவலி வந்த பிறகு மதுரைக்குள் கார் ஓட்டுகிற வேலைக்கு இறங்கினார். பழங்காநத்தத்தில் வாடகை வீடு. மனைவி பாண்டீஸ்வரி ஜாக்கெட் தைக்கிறவர். காசிமாயனிடம் ஒரு குணம் உண்டு, எந்தப் பொருளையும் சட்டென்று தூக்கி எறிய மாட்டார். அறுந்த செருப்பை மூன்றாவது முறையும் தைத்துப் போடுவார். வைப்பர் ரப்பரைத் திருப்பிப் போட்டு ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடுவார். சாமி விஷயத்தில் அவருக்குப் பிடிவாதம் எதுவும் கிடையாது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வை என்றால் வைப்பார். வண்டி ஏறி நசுங்கிய பழத்தைக் கூட்டி அள்ளுவதும் அவர்தான்.

டாக்டர் சூர்யபிரகாஷிடம் பல வருஷமாக வேலை. டாக்டர் ஸ்கேன் சென்டர் நடத்துகிறார். மனிதனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வெட்டாமலே பார்த்துச் சொல்லுகிற படிப்பு படித்தவர். அவருடைய அம்மா கனகலட்சுமி, ஆனையூர் வீட்டின் நடைமுறைகள் எல்லாவற்றுக்கும் அதிபதி.

காரோடு வந்தது அந்த டஸ்டர். பிளாஸ்டிக் பிடி, அதில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு தலை. தலை முழுக்கக் கருஞ்சிவப்புப் பருத்தி நூல், தொங்கத் தொங்க. அந்த நூலில் மெழுகெண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அதனால் தூசி நூலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பெயின்ட்டில் கீறல் விழாது. சாலையைத் தோண்டி மூடாமல் போட்டிருக்கிற ஊரில் அது தினமும் வேலை செய்தது. அழுக்கேறிப்போனதும் காசிமாயன் அதைத் துணி துவைக்கிற பவுடரில் ஊறப் போட்டு அலசிவிட்டார். அழுக்கோடு மெழுகும் போய்விட்டது. மறுநாள் துடைத்தால் தூசி ஒட்டவில்லை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. புதுசு வாங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டார்.

இனிமேல் நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆனையூரில் இதை யாரும் சொல்வதில்லை. புதுசு வேண்டாம் என்றது டாக்டர். காரின் பின்சீட்டில் உட்கார்ந்தபடி போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்து, முன்னால் நீட்டிக் காட்டியதும் டாக்டர். பழைய டஸ்டரின் நூலை ஷாம்பூ போட்டு அலசி, நிழலில் காயவைத்து, மருந்துக்கடையில் விற்கிற லிக்விட் பாரஃபினைத் தெளித்துப் பிசைந்து, காற்றுப் புகாமல் கட்டிச் சூடான இடத்தில் சில நாள் வைத்தால் எண்ணெய் நூல் முழுக்கப் பரவிவிடும் என்றது அந்த வீடியோ. "செஞ்சு பாருங்கண்ணே, நல்லா வந்தா எங்க சென்டர் வண்டி டஸ்டரையும் தாரேன்" என்று டாக்டர் சிரித்தார்.

காசிமாயன் சொன்னபடி செய்தார். தலையைக் கழற்றி அலசினார், காயவைத்தார், எண்ணெய் தெளித்தார். பேப்பரில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டார். கட்டுவதற்குக் கயிறு தேடியபோது டிக்கியில் ஒரு கறுப்புக் கயிறு கிடந்தது. கண்ணேறு படாமல் இருக்க கனகலட்சுமி முன்பு வாங்கிக் கொடுத்துப் பம்பரில் கட்டச் சொன்ன கயிறு. அறுந்து விழுந்ததை எடுத்து வைத்திருந்தார். அதை நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மதுரை வெயிலில் டிக்கியை விடச் சூடான இடம் எது? ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் சொருகிவிட்டு வாராந்திர லீவுக்கு வீட்டுக்குப் போனார்.

அந்தச் சமயத்தில் டாக்டரின் சென்டரில் கூட்டம் குறைந்திருந்தது. காரணம் ரொம்ப எளிது. அதே சாலையில் இன்னொரு ஸ்கேன் சென்டர் திறந்திருந்தார்கள். பெரிய மிஷின், குறைந்த கட்டணம், உட்கார ஏசி. கூட்டம் அங்கே போனது. ஆனால் இப்படிப்பட்ட காரணங்கள் நம் வீடுகளுக்குப் போதுவதில்லை. கனகலட்சுமி ஒரு குறிகாரரை வரவழைத்தார். அவர் கண்ணை மூடிச் சோழி உருட்டி, உருளுகிற பொருளில் செய்வினைக் கட்டு இருக்கிறது என்று சொன்னார். உருளுகிற பொருள் இல்லாத வீடு இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? குழந்தையின் சைக்கிளைப் பார்த்தார்கள். கேஸ் சிலிண்டர் வைக்கிற வண்டியைப் பார்த்தார்கள். ஆட்டுக்கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியாக டிக்கியைத் திறந்தார்கள்.

உடனே வா என்று போன் வந்ததும் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தார் காசிமாயன். கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டு பஸ் ஏறினார். போய்ப் பார்த்தால் போர்ட்டிகோவில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதன் நடுவில் அவருடைய பொட்டலம். சுற்றிலும் எலுமிச்சம்பழமும் விபூதியும். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே தெரு நின்றது. பொட்டலத்தை ஒருவரும் அவிழ்த்துப் பார்த்திருக்கவில்லை.

அதைப் பார்த்ததும் காசிமாயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பையும் பிறகு சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

"அம்மா, இது நம்ம கார் டஸ்டரும்மா" என்றார்.

"டஸ்டர எவனாச்சும் இப்பிடிக் கட்டி ஒளிச்சு வைப்பானா?" என்றார் கனகலட்சுமி.

"ஒளிச்சு வைக்கலம்மா. ஊற வச்சிருக்கேன்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஊற வைக்க டஸ்டரு என்ன உளுந்தாய்யா?"

தெரு சிரித்தது. காசிமாயன் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். கருஞ்சிவப்பு நூல் எண்ணெய் மினுங்கச் சரிந்து விழுந்தது. பெண்கள் பின்வாங்கினார்கள். பொம்பளைக் கூந்தல், சாயம் ஏற்றியது என்று குறிகாரர் உடனே தீர்ப்புச் சொன்னார். நூலை நீட்டித் தொட்டுப் பாருங்கள் என்று காசிமாயன் ஒவ்வொருவரிடமும் காட்டினார். ஒரு கைகூட நீளவில்லை. டிக்கியிலிருந்து பிடியை எடுத்து வந்து மாட்டிக் காட்டினார். தலையும் இருக்கிறது, கோலும் இருக்கிறது, எல்லாம் முறைப்படி செய்திருக்கிறான் என்றார் குறிகாரர். இந்தக் கயிறே நீங்கள் வாங்கியதுதான் அம்மா என்று காசிமாயன் கனகலட்சுமிக்கு நினைவுபடுத்தினார். அந்த அம்மா கயிற்றை உற்றுப் பார்த்தார். "என் கயித்தவே எடுத்து எனக்கே கட்டிருக்கான் பாரு" என்றார்.

எந்த ஆதாரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அதை விழுங்கி இன்னும் கொழுக்கிற நம்பிக்கையிடம் ஒரு மனிதன் எதைச் சொல்லித் தப்புவான்? அந்த வீட்டில் உண்மை தெரிந்த இன்னொருவர் இருந்தார். காசிமாயன் அவரைப் பார்த்துத் திரும்பினார்.

"சார், நீங்கதான வீடியோ காட்டுனீக. சொல்லுங்க சார்."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் தன் போனைப் பார்த்தார். "ஏதோ ஒரு வீடியோ பாத்தோம். ஆனா இந்த மாதிரி கயிறெல்லாம் கட்டச் சொல்லலியேண்ணே" என்றார்.

வயிற்றுக்குள் கடுகளவு கல்லைக் கண்டுபிடிக்கிற மனிதர், கண்முன்னால் கிடந்த பருத்தி நூலைப் பருத்தி நூல் என்று சொல்லப் பயந்தார். குறிகாரர் நம்புவது அவர் பிழைப்பு. கனகலட்சுமி நம்புவது அவர் வளர்ந்த விதம். அவர்கள் மேல் எனக்கு வருவது எரிச்சல். தெரிந்துகொண்டே வாயை மூடிய படிப்பு மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. கேட்ட கேள்விக்கு ஒரு வரி போதும். "அம்மா, நான்தான் செய்யச் சொன்னேன்." அந்த ஒரு வரியில் ஒருவருடைய பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிடு, நம்பிவிடுகிறேன் என்றார் கனகலட்சுமி. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் வழக்கு முடிந்துவிடும். பொய் சொல்லி அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது கணக்கு. கொலை செய்தவர்கள் சர்வசாதாரணமாக அணைத்துவிட்டுப் பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். காசிமாயனுக்கும் ஒரு நொடி வேலை. தெரு எதிர்பார்த்தது. அவர் மறுத்தார்.

"செய்வினை வைக்கலன்னு நான் சத்தியம் பண்ணுனா, இதுக்குள்ள செய்வினை இருக்குன்னு ஆயிரும்மா. டஸ்டருக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

குறிகாரர் தன் வேலையைத் தொடங்கினார். தலையை மட்டும் பிடியிலிருந்து பிடுங்கி, முச்சந்திக்குக் கொண்டுபோய், கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். எண்ணெய் குடித்த பருத்தி. மெழுகுவர்த்தி எரிகிற அதே காரணத்தால் அது எரிந்தது. கரும்புகை சுருண்டு எழுந்தது. ஏவல் கழன்று போவதைப் பாருங்கள் என்றார் குறிகாரர். தெரு கன்னத்தில் போட்டுக்கொண்டது. கூட்டத்தில் பிளஸ் டூ வேதியியல் எடுக்கிற ஆசிரியர் ஒருவரும் போட்டுக்கொண்டார்.

பிடியை எடுத்துக்கொண்டு காசிமாயன் பஸ் ஏறினார். பாண்டீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டார். டாக்டரைத் திட்டினார், குறிகாரரைத் திட்டினார். பிறகு மிஷினில் மாட்டியிருந்த துணியைப் பார்த்தபடியே, "நெசமா டஸ்டர்தானா?" என்று கேட்டார். தெரு முழுக்கச் சொன்னது ஒரு பக்கம், இந்தக் கேள்வி ஒரு பக்கம். காசிமாயன் பிடியை மிஷின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

இரண்டொரு நாளில் டாக்டர் போன் செய்தார். எல்லாம் சரியாகிவிட்டது, அம்மா மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார். காசிமாயன் போனார். போர்ட்டிகோவில் டாக்டர் ஒரு புது டஸ்டரை உறை பிரிக்காமல் நீட்டினார். ஹாலில் கனகலட்சுமி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மேல தப்பில்லண்ணே. யாரோ உங்கள வச்சுச் செஞ்சிருக்காகன்னு அம்மாவே சொல்லிட்டாங்க."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. காசிமாயன் அந்த டஸ்டரை வாங்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை, சார். அம்மா உள்ளதான இருக்காங்க. அது டஸ்டர்தான், நாந்தான் செய்யச் சொன்னேன்னு சொல்லிருங்க. நான் வண்டிய எடுக்குறேன்."

டாக்டர் குரலைத் தணித்தார். "அம்மாவுக்குப் பிரஷர்ணே. இப்பத்தான் ராத்திரி நிம்மதியாத் தூங்குறாங்க. எனக்குத் தெரியும்ல, அது பத்தாதா?"

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சு நான் என்ன சார் பண்ண? தெருவுக்குத் தெரியணும்."

டாக்டர் ஹால் பக்கம் பார்த்தார். உள்ளே டிவி சத்தம் கேட்டது. காசிமாயன் தன்னிடம் இருந்த கார் சாவியைப் பூந்தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு நடந்தார்.

புதுசு வாங்குவது அந்த வீட்டுக்குச் சுலபம். டஸ்டர் போனால் டஸ்டர், டிரைவர் போனால் டிரைவர். போன பெயரைத் திரும்ப எடுத்துக் கொடுக்கத்தான் அங்கே ஆள் இல்லை. செய்தி காசிமாயனுக்கு முன்னால் ஓடியது. ஆள் தேவை என்று கூப்பிட்டவர்கள் பெயரைக் கேட்டதும் பிறகு சொல்கிறோம் என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் நேராகவே கேட்டார்கள், டிக்கிச் சாவி எங்களிடமே இருக்கட்டுமா என்று. அந்த வீட்டிலிருந்தும் திரும்பி வந்தார்.

இப்போது அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டி இன்னொருவருடையது. ஏர்போர்ட் பக்கத்துத் தூசி முழுவதும் அதன் கண்ணாடியில்தான் இறங்குகிறது. ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது பாண்டீஸ்வரி அந்தப் பழைய பிடியை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பட்டறைகளில் கை துடைக்க வாங்குகிற பனியன் வேஸ்ட்டைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒரு பட்டையில் நெருக்கமாகத் தைத்து, பிடியில் மாட்டுகிற மாதிரி ஒரு தலை செய்திருந்தார். தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. "எண்ணெய் எம்புட்டு ஊத்தணும்?" என்று மட்டும் கேட்டார்.

மற்ற ஆட்டோக்களில் சாமி படம் தொங்குகிற இடத்தில், காசிமாயன் ஆட்டோவில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்குகிறது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கவராகத் தேடி வாங்கினார். மாதம் ஒருமுறை டஸ்டரின் தலையை அலசி, பாரஃபின் தெளித்து, அதில் போட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் வெயிலில் ஊறவிடுகிறார்.

போன வாரம் ஏர்போர்ட் பக்கத்துப் பெருங்குடியில் ஏறிய ஒரு பெண் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்னண்ணே அது, உள்ள?" என்று கேட்டார்.

"டஸ்டரும்மா. ஊறுது."

அந்தப் பெண் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சீட்டின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தார். காசிமாயன் அதைக் கண்ணாடியில் பார்த்தார். கவரைக் கழற்றவில்லை. கியரை மாற்றினார்.