மாதா எடுத்துக்கொண்ட முக்காலி

கால் பூரணமாகக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் எகிற வராத ஒரு கூடைப்பந்துக்காரனின் கதியை எண்ணிப் பாருங்கள். யுத்தம் முடிந்து, ரேஷன் மட்டும் முடியாமல் இருந்த வருஷத்தில் அந்தக் கதி எனக்கு வந்தது.

எங்கள் வீடு மந்தைவெளியில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் காலேஜுக்குப் போவதே பந்துக்காகத்தான் என்று அவர் சொல்வார். அதில் பொய் இல்லை. ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம் எனக்கு. கூடைக்கு அடியில் நின்று எகிறினால் பந்து என் கைக்குத்தான் வரும். தை மாதம் ஒரு மாட்சில் அப்படி எகிறி இறங்கும்போது வலது முட்டி திருகிக்கொண்டது. உள்ளே சடக்கென்று ஒரு சத்தம். கோடை முழுவதும் கட்டும் கட்டிலுமாகக் கிடந்தேன்.

கட்டைப் பிரித்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. நடந்தேன், ஓடினேன். எகிற மட்டும் முடியவில்லை. கால் தரையை விடப் போகிற நேரத்தில் அந்தச் சடக் காதில் கேட்கும், உடம்பு நின்றுவிடும். எங்கள் காப்டன் சீனு மயிலாப்பூர் மாடவீதிக்காரன், வாய் ஓயாதவன். முதலில் கேலி செய்தான். பிறகு கேலியை நிறுத்திவிட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சாயங்காலம் தோளில் கை போட்டுக்கொண்டு, "கிறிஸ்துமஸுக்குள்ள நோக்கு எகிற வரலேன்னா உன் எடத்துல வேற ஒருத்தனைப் போட்டுடுவேன்டா. நேக்கே கஷ்டமா இருக்கு," என்றான். அதுவோ எனக்குக் கடைசி வருஷம். அன்று சாந்தோம் கடற்கரை மணலில் உட்கார்ந்து அழுதேன். 'தாயே, இந்தப் பயத்தை மட்டும் எடுத்துவிடு' என்று கேட்டேன். வேறு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

என் அம்மாவோ எனக்கு முன்பே ஜெபத்தில் இறங்கியிருந்தாள். நான் கட்டிலில் கிடந்தபோதே பரங்கிமலை மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். கால் குணமானால் மகன் மலைப்படி முழுவதையும் முழங்காலிலேயே ஏறுவான் என்று! முட்டி வலிக்காரனுக்கு முட்டியை நேர்ந்துவிட்ட தாயார் உலகத்திலேயே என் அம்மா ஒருத்திதான். டாக்டரோ, பூசையில்கூட முழங்கால் போடாதே என்று சொல்லியிருந்தார்.

"ஏம்மா, ஏறினா மறுபடி முட்டி போயிடாதா?" என்று கேட்டேன்.

"மாதாகிட்ட வாக்கு குடுத்தாச்சு. கால் சரியாயிடுச்சு, நீ கடனைச் செலுத்தல. அதான் ஆட்டம் வரல," என்றாள் அம்மா. இதற்கு எந்தக் காலேஜிலும் பதில் கற்றுத் தருவதில்லை.

கடைசியில் இரண்டு பேரும் வழக்கைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோனோம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒருவர் வைத்த நேர்ச்சை இன்னொருவர் முழங்காலைக் கட்டுப்படுத்தாது என்றார். அம்மாவின் முகம் வாடிப்போனது. அதைப் பார்த்து, வேண்டுமானால் பதிலுக்கு ஒன்று செய்யட்டும் என்று அவரே வழி சொன்னார். கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சூசையண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தார். அப்போது அக்டோபர், ஜெபமாலை மாதம். அது முடியும்வரை, நான் காலேஜில் இருக்கும் மத்தியானம் போக, காலையும் மாலையும் திரிகால ஜெபத்துக்கு நான் மணியடிக்க வேண்டும்.

மணிக்கயிறு மழையில் நைந்து கீழ்ப்பக்கம் அறுந்துபோயிருந்தது. புதுக் கயிறு யுத்தத்துக்குப் பிறகு யாருக்கும் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு அதன் மேல் ஏறித்தான் மணியை இழுக்க வேண்டும். நானும் பயபக்தியோடு முக்காலியில் ஏறி அடித்துவந்தேன். பக்தியைவிடப் பயமே அதிகம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை, இருட்டு பிரியாத நேரம், நல்ல மழை. நனைந்துகொண்டே கோபுரத்தடிக்கு வந்தால் முக்காலியைக் காணவில்லை. ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. ஊரே என் மணிக்காகக் காத்திருக்கிறது என்ற பதற்றத்தில் கயிற்றை அண்ணாந்து பார்த்தேன், எகிறிப் பிடித்தேன், இழுத்தேன். விட்டால் கயிறு மேலே போய்விடும். மறுபடி எகிற வேண்டும். மூன்று அடி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம்; மறுபடி மூன்று அடி, மறுபடி மந்திரம். கடைசி ஒன்பது அடிக்கு வந்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. முட்டியைக் கவனித்தேன். அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. காதில் மணியைத் தவிர வேறு சத்தமில்லை.

உள்ளே ஓடினேன். முக்காலி மாதா சுரூபத்தின் காலடியில் கிடந்தது. அதன் மேல் நின்று என் அம்மா மாதாவுக்கு மல்லிகை மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு மணி கணீர்னு இருந்துச்சுடா," என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

"முக்காலியை ஏம்மா எடுத்தே?"

"மாதாவுக்கு மாலை எட்டலியே. உனக்கென்ன, பனைமரம் மாதிரி வளந்திருக்கே."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா முக்காலியிலிருந்து இறங்கி, முந்தானையால் என் ஈரத்தலையைத் துவட்டினாள். அவளும் அழுதாள்.

அதன்பிறகு அந்த மாதம் முழுவதும் முக்காலியை நான் தொடவில்லை. சீனு என்னை ஒரு சாயங்காலம் ஆடவைத்துப் பார்த்தான். கூடைக்கடியில் முதல் பந்து என் கைக்கு வந்ததும், "எங்கேடா ஒளிச்சு வெச்சிண்டிருந்தே இதை?" என்றான். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாட்சில் எனக்கு என் இடம் கிடைத்தது. ஜெயித்தோமா என்று கேட்பீர்கள். ஜெயித்தோம். தோற்றிருந்தாலும் இந்தச் சாட்சியில் ஓர் எழுத்து மாறாது.

பண்டிகைக்குப் புதுக் கயிறும் வந்துவிட்டது. தேறி எழுந்த சூசையண்ணன் அதைத் தடவிக்காட்டி, "கவுறு இடுப்பு வரைக்கும் தொங்குது தம்பி. இனிமே நீ எகிற வேணாம்," என்றார். புது வருஷத்தில் அம்மாவும் நானும் பரங்கிமலை ஏறினோம். இரண்டு பேரும் காலால்தான் ஏறினோம்.

இப்போது நான் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். மனத்தில் குறையில்லை. சகோதர சகோதரிகளே, நீங்களும் அந்தத் தாயிடம் கேளுங்கள். நேர்ச்சை வைப்பதானால் உங்கள் முட்டியை வையுங்கள், பிள்ளையின் முட்டியை விட்டுவிடுங்கள். எப்படிக் கொடுப்பது என்பதை அவளே பார்த்துக்கொள்வாள். நான் ஏறி நிற்க ஒன்று இருந்தவரை எனக்கு எகிற வரவில்லை. அதை அவள் தன் காலடிக்கு எடுத்துக்கொண்டாள்.