பிஸ்கட் டப்பாவும் சீமைச் செட்டும்

டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் சைக்கிளை என் கடைவாசலில் சாய்த்துவிட்டு, "அண்ணாச்சி, தாணு போயாச்சு. காலையில நெஞ்சுவலி" என்றார். "எவன்டே சொன்னான்?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். நாற்பது வயதில் சாவானா ஒருத்தன்?

இரணியலில் எங்கள் இருவரிடமும் மைக்செட் இருந்தது. என்னுடையது சீமையிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயர். தாணுலிங்கம் பட்டாளத்தில் கழித்துப் போட்ட ரேடியோ வால்வுகளை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பொருத்தித் தானே செய்துகொண்டான். முட்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமன் அதைக் காலால் தட்டி, "இதென்ன, தின்கதுக்கா?" என்று கேட்டார். தாணு அவரை நாற்காலியோடு தூக்கிப் பந்தலுக்கு வெளியே எறிந்தான். கல்லெறி நடந்தது. என் மண்டையும் உடைந்தது. நான் சாப்பிடத்தான் போயிருந்தேன்.

"எல்லாச் செட்டும் ஒரே சத்தந்தான்டே. நீங்க கண்ணால கேக்குதிய" என்பான் தாணு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாடவிடும்போது என் செட்டில் மட்டும் சத்தத்தை ஒரு மயிரிழை கூட்டி வைப்பேன். கூட்டம் "சீமை சீமைதான்" என்னும். அந்தக் களவு அவனுக்குத் தெரியும்.

டாக்டர் தம் வீட்டுக்கு ஒரு செட் வாங்க நினைத்தபோது தாணு மறைத்துவைத்துக் கேட்கலாம் என்றான். மதியம் அவர் முன்னறையில் வெள்ளை வேட்டியைக் கட்டி மறைத்தோம். முள் ஆடும் மீட்டரை வைத்து இரண்டின் சத்தத்தையும் அவனே சமமாக்கினான். ஒரே ஸ்பீக்கர், ஒரே இசைத்தட்டு. கம்பவுண்டர் வயரை மாற்றி மாற்றிக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நான் உருகினேன். "இதுதான் நம்ம செட்டு! என்னா குழைவு!" வேட்டியை விலக்கினார்கள். பாடிக்கொண்டிருந்தது பிஸ்கட் டப்பா.

டாக்டர் சிரித்தார். தாணு சிரிக்கவில்லை, "விடுடே" என்றுதான் சொன்னான். அந்த இரக்கம்தான் தாங்கவில்லை. இசைத்தட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுக்கும் இரும்புக் கைப்பிடியை உருவி அவன் இடது காதில் ஓங்கி அடித்தேன். விழுந்தவன்மேல் ஏறி இன்னொரு அடியும் அடித்தேன். வேட்டியெல்லாம் ரத்தம். தரையில் கிடந்தபடியே அவன், "தென்னையில குழாய் ஸ்பீக்கர் கெட்டப் போயி விழுந்தேன்னு எழுதிக்கிடுங்க டாக்டரே" என்றான்.

அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. "ஒத்தச்செவியனுக்குச் சத்தத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றது ஊர். அவனை அழைத்த வீடுகளெல்லாம் என்னை அழைத்தன. பாவி நான், வாய் திறக்காமல் போய்வந்தேன். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "நீ செயிலுக்குப் போனா நான் யாருகிட்டடே சண்ட போடுவேன்?" என்றான்.

பதினாறாம் நாள் கழிந்து அவன் மனைவி செல்லம்மை டப்பாவை என் கையில் தந்தாள். "உங்களுக்குத்தான் குடுக்கணும்னு எப்பவும் சொல்லுவாரு அண்ணாச்சி. யாரு அடிச்சான்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்களே வந்து சொல்லுவியன்னு இருந்தேன்."

அவனை அறிந்தவர்களே, தாணு தென்னையிலிருந்து விழவில்லை. டப்பா இப்போது என் வீட்டு முன்னறையில் பாடுகிறது. கேட்க வருகிறவர்களிடம் அதைச் செய்தவன் பெயரை முதலில் சொல்கிறேன். அவன் காதை உடைத்தவன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டை வைக்கிறேன்.