கபீரிக்காவின் மூன்று விநாடி

நான் கள்ள ஆட்டம் ஆடி ஜெயித்தவன். அதுவும் கை நடுங்கும் ஒரு மனிதரிடம்! இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்; நீங்கள் கொச்சி மட்டாஞ்சேரிக்காரர் இல்லை, நாளைக்கு அவரை வழியில் பார்க்கப் போவதில்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து இஞ்சிக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவர் கபீரிக்கா; இக்கா என்றால் இங்கே அண்ணன். ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ். மதியச் சாப்பாடு முடிந்ததும் என் கடையில் சதுரங்கப் பலகையை விரிப்போம். ஐந்து வருடத்தில் எத்தனை தடவை அவரை ஜெயித்தேன் என்று கேட்காதீர்கள்... ஜெயித்துவிட்டு அவர் சிரிக்கக்கூட மாட்டார். அதுதான் எனக்கு எரியும்.

பிறகு அவருக்கு நடுக்குவாதம் வந்தது. இரண்டு கையும் நடுங்கின. கிடங்கு வேலை போயிற்று. பலகையில் ஒரு காயை எடுத்தால் மூன்று காய் உருண்டன. புத்தி மட்டும் பழைய புத்திதான், கத்தி மாதிரி.

எங்கள் வட்டாரத்தில் சின்னதாக ஒரு சதுரங்கக் குழு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை நான்கு பேர் படகேறி வைப்பின் தீவுக்காரர்களோடு ஆடப் போவார்கள். அந்த வருடம் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது ஆள் நானா, கபீரிக்காவா? குழுத்தலைவர் ஜோர்ஜ் சேட்டன், இருவரும் போன் ஆப்பிலேயே ஓர் ஆட்டம் ஆடி, யார் ஜெயித்தது என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம். அவருக்கு? வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டத் தொடங்கியிருந்தார்கள். தான் இன்னும் ஓர் ஆள்தான் என்று காட்ட அவருக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அந்தப் படகு. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்!

இணையச் சதுரங்கம் ஆடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். உங்கள் முறை வந்தால் உங்கள் கடிகாரம் ஓடும். அது பூஜ்யத்தைத் தொட்டால் தோல்வி. பலகையில் நீங்கள் எவ்வளவு ஓங்கி நின்றாலும் சரி. ஆனால் போனஸ் விநாடி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை நகர்த்தியதும் மூன்று விநாடி திரும்பச் சேரும்படி வைக்கலாம். அப்படி வைத்துவிட்டால், மூன்று விநாடிக்குள் நகர்த்துகிறவருக்கு நேரம் தீரவே தீராது.

கபீரிக்கா மூன்று வாரம் பழகினார். காயை இழுத்தால் விரல் நடுங்கித் தப்பான கட்டத்தில் விழுகிறது என்று, காயை ஒரு தட்டு, கட்டத்தை ஒரு தட்டு என்று மாற்றிக்கொண்டார். ஆட்டத்துக்கு முந்தின நாள் கடைக்கு வந்தார்.

“எடா, ஒரு காய் நகத்த எனக்கு மூணு செகண்ட் ஆவுது. நீ போனஸ் மூணு போட்டாப் போதும். பாக்கி நான் நோக்கிக்கறேன்.”

சரி இக்கா என்றேன். போனில் எதையும் என்னை நம்பித்தான் அவர் அமுக்குவார்.

ஞாயிறு மாலை ஆட்டத்துக்கான லிங்க்கை உருவாக்கினேன். போனஸ் மூன்று என்று வைத்தேன். பிறகு... பூஜ்யத்துக்கு இழுத்தேன். கை தவறவில்லை. ஆப்பின் குற்றமும் இல்லை. அனுப்பினேன், அவர் தன் வீட்டிலிருந்து அமுக்கினார்.

வழக்கம்போல என்னைத் துவைத்தார். கடைசியில் அவரிடம் இரண்டு யானை. என்னிடம் ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும். அந்தச் சிப்பாயும் போய் ராஜா மட்டும் மிஞ்சியிருந்தால், அவர் நேரம் தீர்ந்தாலும் எனக்கு வெற்றி கிடையாது, டிராதான். ஆகவே ஜெயிப்பதை விட்டுவிட்டு அந்தச் சிப்பாயைக் காப்பாற்றினேன். ராஜாவை இங்கும் அங்கும் ஓட்டினேன். அவருடைய ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று விநாடி குறைந்தது, எதுவும் திரும்பவில்லை. அவர் கவனிக்கவில்லையா என்கிறீர்களா? கண் முழுக்க விரலிலேயே இருந்திருக்கும், பாவம். இன்னும் ஒரே நகர்த்தலில் எனக்கு மேட். யானையைத் தட்டியிருப்பார், கட்டத்தைத் தட்டுவதற்குள் நேரம் தீர்ந்தது. நான் வீட்டில் தனியாக இருந்து கைதட்டினேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உடனே போன் வந்தது.

“நீ ஜெயிச்சேடா. மூணு செகண்ட் கெடச்சும் என் கைக்குப் பத்தலியே.”

அப்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு வாக்கியம் போதும்... பரவாயில்லை இக்கா என்றேன்.

வைப்பினுக்குப் போனேன். அரை மணி நேரத்தில் தோற்றுத் திரும்பினேன். கபீரிக்கா போனிலிருந்து ஆப்பையே அழித்துவிட்டார். என் போனில் அந்த ஆட்டம் அப்படியே இருக்கிறது, தலைப்பில் ஐந்து கூட்டல் பூஜ்யம் என்று; ஐந்து நிமிடம், போனஸ் பூஜ்யம். யார் திறந்தாலும் தெரியும். யாரும் திறப்பதில்லை.

அதன் பிறகு அவர், நடுக்கத்துக்காகப் போய்க்கொண்டிருந்த கைப்பயிற்சியையும் நிறுத்திவிட்டார். பிரயோஜனமில்லை என்று ஆடிப் பார்த்தே தெரிந்துகொண்டாராம். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் போனேன். முதலில் ஓர் ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன்.

“வேண்டாடா. மத்தவன்லாம் பாவம்னு பாத்துத் தோத்துக் குடுத்திருப்பான். நீ ஒருத்தன்தான் சத்தியமாயிட்டு ஆடினே. அதனாலதான் என் கை போச்சுன்னு எனக்கு மனசிலாச்சு.”

அவர் மனைவி சாயாவை ஆற்றி அவர் வாயருகே பிடித்தார். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. குடித்தேன். வரட்டுமா இக்கா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.