மருதவீரன் கழுவிய கரட்டும் இளையதம்பி ஐயாவின் மண்ணும்

என் தம்பி மருதவீரன் கரட் கழுவுகிறவன். வெலிமடையில் லொறிக்கு ஏற்றும் கரட்டை இருபத்திரண்டு வருடமாகக் கழுவி வருகிறான். இதைச் சொன்னால், "அது ஒரு வேலையா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்ட யாரும் ஒரு மூட்டை கரட்டை முழுதாகக் கழுவியதில்லை.

சீமெந்துத் தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதில் கரட்டைக் கொட்டி, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, காலால் உருட்ட வேண்டும். மிதித்தால் கரட் உடையும். மிதிக்காவிட்டால் மண் போகாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அழுத்தம் இருக்கிறது, அது தம்பியின் பாதத்துக்குத் தெரியும். அவன் கழுவிய கரட்டை என் வெள்ளைச் சேலைத் தலைப்பால் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் கறை இல்லை.

அந்தத் தொட்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. லொறி வந்து ஹோன் அடிக்கும் நேரத்தில் ஒருவனுடைய கரட் கழுவாமல் கிடந்தால், கை ஓய்ந்திருக்கிற எவனும் தொட்டிக்குள் இறங்கி அதைக் கழுவிக் கொடுத்துவிடுவான். "கழுவட்டுமா?" என்று கேட்க மாட்டான். கேட்டால் சரக்குக்காரனைச் சோம்பேறி என்று சொன்னது போலாகும். கழுவி முடித்த பிறகு நன்றியும் சொல்ல மாட்டார்கள். தம்பி இந்த வழக்கத்தை ஒருநாளும் மீறியதில்லை. பிறகு நடந்தது எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்பதால் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

இந்த வருடம் தை மாதம் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. பெரிய பீப்பாய் போலச் சுற்றும். கரட் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும். தம்பிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை மிஞ்சியது. கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குத் தட்டுக் கழுவ ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவர், திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். தம்பிக்குப் போக விருப்பமில்லை. "தட்டுல என்னாக்கா இருக்கு, எண்ணெதானே?" என்றான்.

அந்த வாரம் வெலிமடை பஸ் நிலையத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் வாசித்ததைத் தவறில்லாமல் எழுதுவேன். அப்படியே எழுதிக்கொண்டேன். பதுளை நகரில் சனிக்கிழமை தோறும் உழவர் சந்தையும் கஃபேயும். புதிய விவசாயி ஒருவருக்கு நிரந்தர மேசை தரப்படும். மாதிரியுடன் காலை ஒன்பதரைக்கு முன் வரவும்.

தம்பி நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே கால் ஏக்கரில் சொந்தமாகக் கரட் போட்டிருந்தான். அந்த மேசை கிடைத்தால் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் போக வேண்டியதுதான். எங்கள் சனிக்கிழமை அப்படித்தான் தொடங்கியது.

காலை ஐந்து ஐம்பது பஸ் ஆறு நிமிடம் தாமதித்துப் புறப்பட்டது. மாதிரிக் கரட் பன்னிரண்டு கிலோவைத் தம்பி பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தான். எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன். இலை நறுக்கி, கழுவி, துணியால் ஒற்றி, மறுபடி கழுவியவை. ஹாலிஎலயில் ஏறிய ஓர் அம்மா அவற்றைப் பார்த்து, "பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார். தம்பி அன்று முழுவதும் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

ஏழு இருபத்தைந்துக்குப் பதுளை. சந்தையை ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். பதின்மூன்று மேசைகள். நடுவில் கஃபே. அதன் கூரையிலிருந்து நாங்கள் தேயிலை பறிக்கும் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பல்ப் மாட்டியிருந்தார்கள். இருபத்தாறு வருடம் அந்தக் கூடையை முதுகில் சுமந்தவள் நான். அது எரியும் என்று எனக்குத் தெரியாது.

முற்றத்தில் நான்கு கால் வைத்த வெள்ளைக் குளியல் தொட்டி ஒன்று அழகுக்காக வைக்கப்பட்டிருந்தது. அதில் தண்ணீர் நிரப்பித் தாமரை வளர்த்தார்கள். எங்கள் தோட்டத்துப் பங்களாவிலும் அப்படி ஒன்று உண்டு. அதற்குள் இறங்கியவர் தோட்ட மனேஜர் துரை மட்டும்தான்.

சந்தையை நடத்துகிற ஸவாஹிரா மேடம் ஒன்பதுக்குத்தான் வருவார் என்றார்கள். தம்பி கரட்டோடு முற்றத்திலேயே நின்றுகொண்டான். நான் கஃபேக்குள் போய் பால் இல்லாமல் ஒரு பிளேன்டி கேட்டேன். அது ஜாம் போத்தலில், ஒரு பலகைத் துண்டின் மேல் வந்தது. கோப்பைகள் முடிந்துவிட்டன போலும் என்று பேசாமல் குடித்தேன்.

கஃபேக்குள் இடமெல்லாம் நிறைந்திருந்ததால் யன்னல் ஓரத்தில் ஒரு பெரியவருக்கு எதிரே உட்கார்ந்தேன். காணிக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் இளையதம்பி. யாழ்ப்பாணத்துக்காரர், அப்புத்தளையில் தோட்டம் செய்கிறாராம். சந்தையில் ஆறாம் மேசை அவருடையது.

"பிள்ளை, இஞ்ச சனம் கரட் வாங்க வாறேல்லை. மண் வாங்க வருது," என்றார்.

"மண்ணாங்க ஐயா?"

"ஓம். மண்ணும் இலையும் இருந்தால்தான் தோட்டத்திலயிருந்து நேர வந்தது எண்டு நம்புவினம். கழுவினால் ஒருத்தரும் திரும்பிப் பாராயினம். நான் ஒவ்வொரு கிழங்கையும் பிடுங்கேக்க மண் உதிராமல் பேப்பர்ச் சரையில சுத்தித்தான் கொண்டு வாறனான். முப்பத்தொரு கட்டு. ஒரு கட்டில மண் குறைஞ்சாலும் எனக்கு நித்திரை வராது."

அவர் யன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நான் யன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் தோளுக்குப் பின்னால் என் தம்பி தெரிந்தான். குளியல் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த ஆறாம் மேசைக்கு முன்னால் நின்று, அதில் குவிந்திருந்த மண் கரட்டையும் ஆளில்லாத நாற்காலியையும் பார்த்தான். அந்த நேரம் பார்த்து வெளி ரோட்டில் ஒரு லொறி ஹோன் அடித்தது. தம்பி குனிந்து காற்சட்டையைச் சுருட்டத் தொடங்கினான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்தேன்.

"இரும் பிள்ளை, இன்னும் சொல்லி முடிக்கேல்லை," என்றார் ஐயா. மரியாதைக்கு உட்கார்ந்தேன். அது என் பிழை. தம்பி தாமரையை வேரோடு தூக்கி, பக்கத்திலிருந்த வாளியில் பக்குவமாக வைத்தான். பிறகு முப்பத்தொரு கட்டின் இலையையும் நறுக்கினான். பிறகு அந்தத் துரைமார் தொட்டிக்குள் இறங்கினான்.

"ஐயா, உங்க கரட்டு..." என்று தொடங்கினேன்.

"அதைத்தான் சொல்லுறன்!" என்று அவர் மண்ணுக்கு இட வேண்டிய உரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது பதினொரு நிமிடம் போனது. முற்றத்தில் வெள்ளைக்காரர்கள் கூடிப் போன்களை உயர்த்தினார்கள். தம்பி ஒருவரையும் பார்க்கவில்லை. வேலை செய்யும்போது அவன் பாதத்தை மட்டும்தான் பார்ப்பான்.

கைதட்டல் கேட்டுத்தான் ஐயா திரும்பினார்.

நாங்கள் வெளியே ஓடியபோது ஆறாம் மேசையில் முப்பத்தொரு கட்டும் பளபளவென்று அடுக்கப்பட்டிருந்தன. ஐயா ஒரு கரட்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ர மண் எங்க?"

"தொட்டி அடியில இருக்குங்க," என்றான் தம்பி. நன்றி சொல்ல மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் அவருடைய முகம் ஏன் அப்படிப் போகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

"உமக்கு ஆர் சொன்னது கழுவச் சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க. உங்க ஆளு வரலை போலன்னு..."

"எனக்கு ஆளே இல்லைக் காணும்! மண்ணைத் திருப்பிப் பூசும்! மேடம் ஒன்பதுக்கு வந்திடுவா!"

தம்பி தொட்டிக்குள் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, என்னை என்ன வேணா செய்யச் சொல்லுங்க. கழுவுன கரட்டுல மண் பூச என் கையி வராதுங்க."

நேரம் எட்டு நாற்பது. ஆகவே நான் பூசினேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. தொட்டியின் அடியிலிருந்து சேற்றை அள்ளி, ஒவ்வொரு கரட்டுக்கும் மேலிருந்து கீழாகச் சமமாகத் தடவினேன். ஐயா பக்கத்தில் நின்று கண்காணித்தார்.

"அதுக்குக் காணாது. இதில கூடிப்போச்சு. பிள்ளை, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடியாதையும். இயற்கையா இருக்கோணும்!"

நறுக்கிய இலைகளை அவரே சணல் கயிற்றால் கரட்டின் தலையில் கட்டினார். சில இலைகள் பின்பக்கம் பார்த்து நின்றன. தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒன்பது கட்டு முடித்து, பத்தாவதைத் தொடங்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யா அல்லாஹ். கரட்டுக்கு மண் பூசுறீங்களா?"

ஸவாஹிரா மேடம் கையில் தாள்களோடு நின்றார். அவருடைய பார்வை என் கைகள், ஐயாவின் சணல் கயிறு, வாளியில் தாமரை, தொட்டியில் என் தம்பி என்று வரிசையாகப் போனது.

"இளையதம்பி ஐயா, ஒவ்வொரு கிழமையும் இப்படித்தானா? இந்த மண் பூசினதா?"

ஐயா சணல் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்த இடத்தில் நாங்கள் பேசாமல் இருந்திருந்தால் ஆறாம் மேசை காலியாகியிருக்கும், ஒருவேளை எங்களுக்கே கிடைத்திருக்கும். இது எனக்குத் தோன்றியது, மறைக்கவில்லை. தம்பிக்குத் தோன்றவில்லை.

"ஐயா மேல பிழை இல்லைங்க மேடம். அவர் நல்ல மண்ணோடதான் கொண்டாந்தாரு. நான்தான் கேக்காம கழுவிட்டேன்."

"நீங்க ஆர்?"

"மேசைக்கு மாதிரி கொண்டாந்தவன்ங்க."

அவர் எங்கள் பன்னிரண்டு கிலோவைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். "நல்லாத்தான் ஈக்கு. ஆனா இது சுப்பர் மார்க்கட் சாமான் மாதிரி ஈக்கு அண்ணன். இங்க வாறவங்க எடுக்க மாட்டாங்க. அடுத்த கிழமை கழுவாம, மண்ணோட கொண்டு வாங்க. மேச தாறேன்."

நான், "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டேன். தம்பி அதே நேரத்தில், "முடியாதுங்க," என்றான்.

"டேய்!"

"கழுவாத கரட்டை ஒரு ஆளு கையில குடுக்க மாட்டேன்க்கா. இருபத்திரண்டு வருஷம் குடுக்கலை."

மேடம் தோளைக் குலுக்கிவிட்டுத் தாளில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டை நான் பார்த்தேன். அது ஒரு விரல் நீளம் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் கொழும்பும் எண்ணெய்த் தட்டும் இருந்தன.

தம்பி தாமரையைத் திருப்பி வைப்பதற்காக வாளியைத் தூக்கினான். அப்போது தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, தொட்டிக்கு முன்னால் ஒரு கட்டை நீட்டினார். நான் மண் பூசிய கட்டுகளில் ஒன்று. இலை பின்பக்கம் பார்த்து நின்றதால் அடையாளம் தெரிந்தது. அவர் அதை ஐயாவிடம் வாங்கிவிட்டு, கழுவித் தரும்படி கையால் காட்டினார். தம்பி மேடத்தைப் பார்த்தான். கரட்டைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான்.

அவருக்குப் பின்னால் ஒரு சிங்களக் குடும்பம் வந்து நின்றது. அதற்குப் பின்னால் கஃபேயில் இருந்தவர்கள். ஐயா இலை கட்டுவதை நிறுத்திவிட்டு விற்கத் தொடங்கினார். நான் மண் பூசிக் கொடுத்தேன், ஐயா விற்றார், தம்பி கழுவினான். ஒரு கட்டத்தில் கழுவிய கரட்டே போதாதா என்று நான் கேட்டதற்கு, "இல்லைப் பிள்ளை, மண் இருந்தால்தானே கழுவலாம்," என்றார் ஐயா. நான் அடுத்த கட்டை எடுத்துப் பூசினேன். பத்து இருபதுக்கு முப்பத்தொரு கட்டும் முடிந்தன.

மேடம் அவ்வளவு நேரமும் தாள்களை மார்போடு அணைத்தபடி நின்றார். தம்பி தொட்டியிலிருந்தே பேசினான். அவன் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான்.

"மேடம், யோசிச்சுப் பார்த்தேன்ங்க. கழுவாம கொண்டு வர்றதுல தப்பில்லை. கழுவாம குடுக்கிறதுதான் தப்பு. மண்ணோட கொண்டாறேன். அவங்க பார்த்து எடுக்கட்டும். எடுத்த பொறகு அவங்க கண்ணு முன்னால கழுவிக் குடுக்கிறேன்."

"அதுக்கு மேச காணாதே. தொட்டி வேணுமே."

"தொட்டி இருக்குதுங்களே," என்றான், அதற்குள்ளேயே நின்றுகொண்டு.

மேடம் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து, இழுத்த கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். பதினான்காம் மேசை: குளியல் தொட்டி.

தம்பி ஒரு நிபந்தனை போட்டான். தாமரைக்கு வேறு தொட்டி வாங்க வேண்டும், வாளியில் வைக்கக் கூடாது. மேடம் ஒத்துக்கொண்டார்.

புறப்படும்போது இளையதம்பி ஐயா எங்கள் மாதிரிக் கரட் கூடையருகே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூன்று கிலோ கேட்டார்.

"ஐயா, இது கழுவுனதுங்க," என்றேன்.

"வீட்டுக்குப் பிள்ளை," என்று மெல்லிய குரலில் சொன்னார். "மண்ணைக் கொண்டு போனால் என்ர மனிசி உள்ள விடாது."

மிச்ச ஒன்பது கிலோவைத் தம்பி மறுபடி மடியில் வைத்துக்கொண்டான். பஸ் ஹாலிஎலயைத் தாண்டியதும் ஏஜென்ட்டுக்குப் போன் எடுத்தான். திங்கட்கிழமைவரை வைத்திருக்கவில்லை.

"வர முடியாதுங்க. எனக்கு இங்க தொட்டி கிடைச்சிருச்சு... இல்லைங்க, ஹோட்டல் இல்லை. துரை குளிக்கிற தொட்டி."

மறுபக்கத்தில் அவர் என்ன கேட்டாரோ தெரியாது. தம்பி தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, காலாலதான்," என்றான்.